மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது

கேள்வியைச் சுருக்கி முதலில் தருகிறேன், இதே தொல்லையோடு படிக்க வருபவர்களுக்கும் உதவும்: "பெங்களூரு சிவாஜிநகரில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். சொந்த டொமைனில் மெயில், கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம். போன வாரம் பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றினோம். மறுநாளிலிருந்து மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'டைம்ட் அவுட்' என்கிறது. அதே முகவரியிலிருந்து செல்போனில் அனுப்பினால் போகிறது. கம்ப்யூட்டரில் அவுட்கோயிங் போர்ட் 25 என்று இருக்கிறது. அவுட்பாக்ஸில் 11 மெயில் நிற்கிறது. அக்கா மகன் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறான். செய்யலாமா?"

செய்யாதீர்கள். முதல் வேலையாக அவன் கையை மவுஸிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கு 'பாப்' முறையில் இருந்தால் பழைய மெயில் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கும், சர்வரில் இருக்காது. கணக்கை நீக்கும்போது செய்திகளையும் நீக்கவா என்று தண்டர்பேர்ட் ஒரு டிக் கேட்கும். அவசரத்தில் அதையும் தட்டிவிட்டால் பத்து வருட ஆர்டர், கொட்டேஷன், வாடிக்கையாளர் ஒப்புதல் எல்லாம் போய்விடும். அப்படிப் போனதை மீட்கச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. சிலருக்கு மீட்க முடிந்தது, சிலருக்கு முடியவில்லை. போகாத மெயிலுக்காக வந்த மெயிலைப் பலி கொடுக்க வேண்டாம்.

உங்கள் பிரச்சினைக்கு விடை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: போர்ட் 25. போர்ட் என்பது மெயில் போகும் கதவின் எண். புதிய பிராட்பேண்ட் கம்பெனி அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது, பழைய கம்பெனி திறந்து வைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறங்கள். அனுப்பும் செட்டிங்கை உங்கள் கணக்கின் பெயருக்குக் கீழே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இடப் பக்கப் பட்டியலின் அடிக்கு இறங்கினால் 'அவுட்கோயிங் சர்வர்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதைத் தட்டி, உங்கள் சர்வரைத் தேர்ந்தெடுத்து, 'எடிட்' அழுத்துங்கள். போர்ட் 25-ஐ 587 ஆக்குங்கள். 'கனெக்ஷன் செக்யூரிட்டி' என்ற இடத்தில் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. 'ஆதெண்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்ட்'. யூசர்நேமில் முழு மெயில் முகவரி. @ குறிக்கு முன்னால் இருக்கும் பாதி மட்டும் போதாது. ஓகே கொடுத்துவிட்டு உங்களுக்கே ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் கொடுங்கள். உங்கள் ஹோஸ்டிங் கம்பெனி (உங்கள் டொமைனின் மெயில் சர்வரை நடத்துபவர்கள்) 587-ஐத் தரவில்லை என்றால் போர்ட் 465, செக்யூரிட்டி 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. இந்த இரண்டில் ஒன்று வேலை செய்யும்.

இந்த இரண்டு எண்ணையும் அதனதன் ஜோடியோடுதான் போட வேண்டும். பாதிப் பேர் தவறுவது இங்கேதான். 465-இல் கதவைத் தட்டும்போதே ரகசியப் பேச்சு தொடங்கிவிடும். 587-இல் முதலில் சாதாரணமாக வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு ரகசியத்துக்கு மாறுவார்கள். 465 போட்டுவிட்டு 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' என்று வைத்தால், சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று தண்டர்பேர்ட் காத்திருக்கும், தண்டர்பேர்ட் ஆரம்பிக்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். லிஃப்ட் வாசலில் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நிற்கும் இரண்டு பேர் மாதிரி. கடைசியில் அதே 'டைம்ட் அவுட்'. லைனில் கோளாறே இல்லாமல் லைன் கோளாறு போலத் தெரியும்.

இனி ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், அடுத்த தடவை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அல்சூரிலிருந்து மல்லேஸ்வரம் வரை சின்ன ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வாரத்துக்கு ஒரு போனாவது "சார், மெயில் பர்தா இதெ, ஹோக்தா இல்லா" என்று கன்னடத்திலோ, அதையே தமிழிலோ வரும். வருகிறதே, அப்புறம் ஏன் போகவில்லை என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். ஒன்வே நிறைந்த ஊரில் இருக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மெயில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வருவதற்கு 'ஐமேப்' அல்லது 'பாப்' என்ற முறை. அதற்குப் பெரும்பாலும் போர்ட் 993 அல்லது 995. போவதற்கு 'எஸ்எம்டிபி' என்ற முறை. அதற்கு 587, 465, 25. சர்வர் பெயர் வேறாக இருக்கலாம், பாஸ்வேர்ட் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும், செட்டிங் தனி. ஒன்று சரியாக இருப்பது மற்றதற்குச் சாட்சி ஆகாது.

'எஸ்எம்டிபி'யை 1982-இல் எழுதினார்கள். அப்போது இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் ராணுவ அமைப்புகளும்தான். அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. திறந்த வீடு. பாஸ்வேர்ட் கேட்கும் ஏற்பாடு 1999-இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. நடுவில் பத்து பதினைந்து வருடம் திறந்த வீட்டில் யார் யாரோ புகுந்தார்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் போர்ட் 25 வழியாக உலகத்துக்கே குப்பை மெயில் அனுப்பத் தொடங்கியதும், இணைய இணைப்புத் தரும் கம்பெனிகள் அந்தக் கதவை வாடிக்கையாளர்களுக்குச் சாத்தத் தொடங்கின. சர்வர் சர்வரோடு பேச 25, நம்மைப் போன்றவர்கள் நம் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்க 587 என்று 1998-இலேயே பிரித்துவிட்டார்கள். 465 என்ற எண்ணுக்குத் தலைவிதி வேறு. 90-களில் ஒதுக்கி, உடனே பறித்து, எல்லோரும் விடாமல் பயன்படுத்தவே 2018-இல் மறுபடியும் முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் 25 போட்டுக் கொடுத்தவர் அந்தக் காலத்து ஆள். குற்றம் சொல்ல முடியாது, அப்போது அதுதான் வழக்கம். ஆனால் 25-இல் செக்யூரிட்டி 'நன்' என்றும் இருந்தால், இத்தனை வருடமாக உங்கள் பாஸ்வேர்ட் போஸ்ட் கார்டில் எழுதியது போலப் போய்க்கொண்டிருந்தது. மாற்றியதும் பாஸ்வேர்டையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

செல்போனில் போகிறது என்று நீங்கள் எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது. மெயில்பெட்டி உயிரோடு இருக்கிறது, டொமைனைப் புதுப்பித்திருக்கிறீர்கள், சர்வர் படுக்கவில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: செல்போன் அப்போது மொபைல் டேட்டாவில் இருந்ததா, அச்சகத்து வைஃபையில் இருந்ததா? வைஃபையிலும் போகிறது என்றால் 25 தவிர லைன் சுத்தம், தண்டர்பேர்டின் செட்டிங்தான் கோளாறு. மொபைல் டேட்டாவில் மட்டும் போகிறது என்றால் லைனில் ஏதோ தடுக்கிறது. இதையே திருப்பிப் போட்டு, செல்போனின் ஹாட்ஸ்பாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தும் சோதிக்கலாம். ஆனால் மொபைல் கம்பெனிகளும் 25-ஐ மூடி வைக்கலாம், அதனால் 587-க்கு மாற்றிய பிறகே இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு நான் வந்து முதலில் செய்வதும் இதைத்தான்.

உங்கள் கேள்விக்கு இது போதும். ஆனால் 587 போட்டதும் 'டைம்ட் அவுட்' மறைந்து வேறொரு பிழை வரக்கூடும். வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அது முன்னேற்றம். பேசவே பேசாத சர்வர் இப்போது திட்டுகிறது. திட்டும்போது மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லும். எனக்குப் போன் செய்கிறவர்கள் அந்தப் பெட்டியை மூடிவிட்டு "ஏதோ எரர் சார்" என்பார்கள். மூடாமல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கும் எண் என்றால் 'அப்புறம் வா'. 5-இல் தொடங்கினால் 'இப்படி வராதே'. 4-க்கு டீ குடித்துவிட்டு வந்து திரும்ப அனுப்பினால் போதும். 5-க்கு எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பதில்தான்.

535 வந்தால் பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. "அதே பாஸ்வேர்டில்தான் மெயில் வருகிறதே!" என்பீர்கள். தண்டர்பேர்டில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்' என்று போய்ப் பாருங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு வரி இருக்கும். ஒன்று ஐமேப் அல்லது மெயில்பாக்ஸ் என்று தொடங்கும், இன்னொன்று எஸ்எம்டிபி என்று தொடங்கும். பாஸ்வேர்டை மாற்றிய அன்று முதல் வரி புதுப்பிக்கப்பட்டிருக்கும், இரண்டாவது பழையதாகவே கிடக்கும். எஸ்எம்டிபி வரியை மட்டும் நீக்குங்கள், அடுத்த தடவை அனுப்பும்போது கேட்கும், புதியதைக் கொடுங்கள். இந்த ஒரே காரணத்துக்காகக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

'ஆதெண்டிகேஷன் மெத்தட்' பட்டியலில் 'என்கிரிப்டெட் பாஸ்வேர்ட்' என்ற பெயரைப் பார்த்து, இதுதான் பாதுகாப்பு என்று சிலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். பல சர்வர்களுக்கு அந்த முறையே தெரியாது. மேலே டிஎல்எஸ் போட்டுவிட்டால் வழி முழுவதும் பூட்டப்பட்டதுதான், உள்ளே 'நார்மல் பாஸ்வேர்ட்' போவதில் ஆபத்து இல்லை.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. சாதாரண கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை அப்படியே மெயில் புரோகிராமில் போடும் வழியை 2022 மே 30-இல் அடைத்துவிட்டார்கள். தண்டர்பேர்டில் 'ஓஆத்2' என்று தேர்ந்தெடுத்தால் கூகுளின் ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் உள்ளே நுழைந்தால் போதும். அந்த ஜன்னல் வெற்றாக வந்தால் தண்டர்பேர்டில் குக்கீ அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஓஆத்2' தெரியாத பழைய புரோகிராம் என்றால், கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை வாங்கி அதைப் பாஸ்வேர்ட் இடத்தில் போட வேண்டும். 534 என்ற எண்ணோடு ஜிமெயில் கேட்பது இதைத்தான். கூகுளின் முக்கியப் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாமல் போகும் என்பதை மறந்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கும் வெறும் பாஸ்வேர்டை 2024 செப்டம்பர் 16-இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே 'ஓஆத்2' மட்டும்தான்.

550 அல்லது 554 என்று எண்ணும் 'ரிலேயிங் டினைட்' என்ற சொல்லும் வந்தால், நீ யார் என்றே தெரியாது, உன் கடிதத்தை நான் ஏன் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சர்வர் கேட்கிறது. ஆதெண்டிகேஷன் 'நோ' என்று கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய அவுட்லுக்கில் இது இன்னும் மறைவான இடத்தில் இருக்கும். 'மோர் செட்டிங்ஸ்' போய், 'அவுட்கோயிங் சர்வர்' என்ற தாவலில், 'மை அவுட்கோயிங் சர்வர் ரிக்வயர்ஸ் ஆதெண்டிகேஷன்' என்பதற்கு டிக் போட வேண்டும். அதே இடத்தில், அனுப்பும் முன் இன்கமிங் சர்வரில் நுழையவும் என்று இன்னொரு தேர்வும் இருக்கும். அனுப்பப் பாஸ்வேர்ட் கேட்கத் தெரியாத காலத்தில், முதலில் மெயில் எடுத்தவன் நம்ம ஆள்தான், இனி சில நிமிடம் அனுப்பட்டும் என்று விட்ட காலத்து மிச்சம். தொடாதீர்கள்.

மறுப்புச் செய்தியில் 'ஸ்பாம்ஹாஸ்' (குப்பை மெயிலைத் தடுக்கப் பட்டியல் வைத்திருக்கும் அமைப்பு) என்ற பெயரைப் பார்த்துவிட்டு, என் முகவரியைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள் என்று பதறுவார்கள். வீட்டு, கடை இணைப்புகளின் எண்களிலிருந்து நேராக யாரும் 25 வழியாக மெயில் அனுப்பக் கூடாது என்பதற்காகவே அவர்கள் வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. நீங்கள் தப்புச் செய்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டாம். 587-க்கு மாறி, பாஸ்வேர்டோடு நுழையுங்கள், அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

இனி அச்சகக்காரர்களின் தனிச் சொத்தான பிழைக்கு வருகிறேன்: 552, மெயில் பெரிது. கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபை 300 டிபிஐ பிடிஎஃப் ஆக அப்படியே அட்டாச் செய்வீர்கள். கோப்பு 9 எம்பிதான், சர்வர் 10 எம்பி வரை விடும், ஆனாலும் போகவில்லை என்பீர்கள். மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டும் தூக்கிச் செல்லப் பிறந்த வண்டி. படமோ பிடிஎஃப்போ ஏற வேண்டுமானால் அதை எழுத்துகளாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்று கணக்கு. மேலே வரிக்கு வரி சேரும் குறிகள். ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கிவிடும். 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற சர்வர் மென்பொருள் பல இடங்களில் ஓடுகிறது. யாரும் கைவைக்காவிட்டால் அதன் எல்லை 1,02,40,000 பைட். வீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் நீங்கள் ஏற்றக்கூடிய கோப்பு கிட்டத்தட்ட ஏழரை எம்பி. ஏழரை என்பதால் மறக்காது. உங்கள் ஹோஸ்டிங்கில் எல்லை அதிகமாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர, உங்கள் பக்கம் போனாலும் வாங்குகிறவர் பக்கம் எல்லை குறைவாக இருந்தால் திரும்பி வரும். எழுத்துப்பிழை பார்க்க மாப்பிள்ளை வீட்டாருக்கு 150 டிபிஐ தாராளம். அச்சுக்கான கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். பெரிய கோப்பை மெயிலில் திணிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முகவரிப் பிழை சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கிறுகிறுக்க வைக்கும். நாற்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பும்போது, அதில் ஒரு முகவரியை சர்வர் மறுத்தாலும் தண்டர்பேர்ட் முழு மெயிலையும் நிறுத்திவிடும். எந்த முகவரி என்று செய்தியிலேயே சொல்லும், யாரும் அதுவரை படிப்பதில்லை. 'காம்' என்பதற்குப் பதில் 'கான்' என்று முடியும் முகவரிதான் நான் அதிகம் பார்த்தது. ஜிமெயிலில் அனுப்பினால் ஒரு நாளைக்கு 500 என்ற வரம்பும் உண்டு. தாண்டினால் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டியதுதான்.

பிழை போலவே இருக்கும், ஆனால் பிழை இல்லாத ஒன்று. மல்லேஸ்வரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மெயில் போகவே இல்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அனுப்பும் பட்டை முக்கால் தூரம் ஓடி நிற்கிறது. அங்கே பணிபுரியும் அம்மா அதை ரத்து செய்துவிட்டு மறுபடி அழுத்துகிறார், மறுபடி நிற்கிறது, மறுபடி ரத்து. நான் பக்கத்தில் நிற்கும்போதே போன் வந்தது. எதிர்முனையில் இருந்தவர் கோபமாக, "ஒரே நோட்டீஸை ஏழு தடவை அனுப்பியிருக்கீங்க, ஒரு தடவை போதாதா?" என்றார். பட்டைக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் அந்த அம்மா பார்த்தார்: 'சென்ட்' ஃபோல்டருக்கு நகல் எடுக்கிறது. மெயில் முதல் தடவையே போய்விட்டது. போன மெயிலின் நகலை ஐமேப் வழியாகச் சர்வரில் வைக்கும் வேலைதான் நின்றது, ஏனென்றால் பெட்டி நிரம்பிவிட்டது. பழைய மெயிலைக் கொஞ்சம் காலி செய்ததும் சரி. நகலை எங்கே வைப்பது என்பதை 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் மாற்றலாம். ஜிமெயில் தானே ஒரு நகலை வைத்துக்கொள்வதால், அந்தக் கணக்குக்கு நகல் வைக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால் நஷ்டம் இல்லை.

இன்னொன்று, அச்சகங்களுக்கே உரியது. பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் 7 இயந்திரம் ஒன்றை மூலையில் வைத்திருப்பீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில், மதர்போர்டின் காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு காலையும் அதன் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் எழும். சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை' என்று நிராகரிக்கப்படும். டிஎல்எஸ் வழி எதுவும் ஓடாது. மதியத்தில் யாராவது தேதியைச் சரிசெய்தால் மெயில் போகும். காலையில் போகாது, மதியம் போகும் என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சிஆர்2032 என்று கேட்டால் எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அதே விண்டோஸ் 7-இல் பழைய அவுட்லுக் என்றால், சர்வர்கள் இப்போது கேட்கும் டிஎல்எஸ் 1.2 அங்கே தானாக இயங்காது, தனியே அப்டேட் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். தண்டர்பேர்ட் இந்த விஷயத்தில் விண்டோஸை நம்பி இருப்பதில்லை, தன் பூட்டு சாவியைத் தானே கொண்டு வருகிறது. ஆனால் விண்டோஸ் 7-இல் 115-க்கு மேற்பட்ட பதிப்பு ஏறாது. என் கருத்து: அந்த இயந்திரத்தில் அச்சு வேலை மட்டும் ஓடட்டும், மெயிலை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் போகும் மெயிலைச் சோதிக்கிறேன் என்று நடுவில் புகுந்து கெடுப்பதும் உண்டு. அதன் 'மெயில் ஸ்கேன்' பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதியுங்கள், முழுவதையும் அல்ல. கீழே ஓரத்தில் 'ஆஃப்லைன்' என்று இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. வெட்கப்பட வேண்டாம், நானே ஒருமுறை அரை மணி நேரம் தேடிவிட்டு அதைக் கண்டேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. யாராவது வந்து, "உங்க டொமைன் சர்வர் தொல்லை, அவுட்கோயிங்குக்கு மட்டும் என் ஜிமெயில் சர்வரைப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். போகும், ஆனால் வாடிக்கையாளருக்கு அனுப்பியவர் இடத்தில் உங்கள் அச்சகத்தின் முகவரிக்குப் பதில் அந்த ஜிமெயில் முகவரி தெரியும், ஏனென்றால் கூகுள் அதை மாற்றிவிடும். மாற்றாத வேறொரு சர்வரைப் போட்டால், உங்கள் டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டு என்று டொமைன் பதிவில் எழுதியிருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்தப் பதிவுகளைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. ஸ்பாமில் விழும், அல்லது கொஞ்ச நேரத்தில் 'மெயிலர் டீமன்' பெயரில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவது தண்டர்பேர்டின் குற்றம் அல்ல, செட்டிங்கைக் குடைய வேண்டாம். உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியிடம் 'எஸ்பிஎஃப், டிகிம் பதிவு சரியா' என்று கேளுங்கள், மேலே சொன்ன டொமைன் பதிவுகளின் பெயர் அவை.

அவுட்பாக்ஸில் நிற்கும் அந்த 11 மெயில். 587 போட்டு சோதனை மெயில் போனதும், 'ஃபைல்' பட்டியலில் 'சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்' கொடுத்தால் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பிவிடும். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இந்த ஒரு வாரத்தில் போன் போட்டுச் சொல்லி முடித்த வேலை, செல்போனிலிருந்து ஏற்கெனவே அனுப்பிவிட்ட ப்ரூஃப், பேப்பர் விலை ஏறுவதற்கு முன் போட்ட கொட்டேஷன் ஏதாவது இருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள்.